தூரமுங்களா?

இந்தப் பிளேனை வெச்சுக்கறதா, வித்துடறதா, இல்ல இதைக் குடுத்துட்டுப் பெருசா ஒண்ணு மாத்திக்கறதா. மூணுல ஒண்ணை, கோயமுத்தூருல சக்கரம் தரையைத் தொடறதுக்குள்ள சொல்லோணுமாம். அகமதாபாத்துல ஏறுனதுலருந்து தரணி இதையேதான் சொல்லிட்டு வர்றான். என்ற பையன்தான், என்னைவிடப் படிச்சவன், மில்லையும் பனியன் கம்பெனியையும் இப்ப அவன்தான் பாத்துக்கறான், நான் கையெழுத்துப் போடற ஆளு. மடியில கம்ப்யூட்டர், அதுல கலர் கலராக் கோடு. “அப்பா, எஞ்சின் ரெண்டையும் பிரிச்சு மாட்டற நேரம் வந்துருச்சு. அதுல காசு போடறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிடோணும். வெலைக்குக் கேக்கற ராய்ப்பூர்க்காரர் ஆளு கோயமுத்தூரு ஹேங்கர்ல உக்காந்திருக்கறாரு. சரின்னா சரி, இல்லைன்னா இல்லைன்னு சொல்லி அனுப்பிடலாம்.” பாக்கறேன் தம்பின்னேன். “மூணு மாசமாப் பாக்கறீங்கப்பா.” அட, பாத்தா என்ன இப்போ? ஒரு பவர்லூம் தறி வாங்கறதுக்கே நாலு ஊரு சுத்தி, ஓட வெச்சுக் காதைக் குடுத்துக் கேட்டு வாங்குன ஆளு நான். ஆகாசத்துல போற சாமானுக்கு வாயைத் தொறந்தொடனே பதில் வருமா? அவனுக்கு வெசை. எல்லாத்துக்கும் வெசை. பிளேனே வாங்கிக் குடுத்த அப்பனை மெதுவா யோசிக்கறான்னு கோவிச்சுக்கறான். ஜன்னலுக்கு வெளிய மேகம் வெள்ளையாக் கெடக்குது, நம்ம ஜின்னிங் பேக்டரி முத்தத்துல பஞ்சு கொட்டுனாப்பல. இந்த ஜன்னல், இந்த சீட்டு, கைப்புடியில என்ற மோதரம் ஒரசி ஒரசி வந்த கோடு. இதை வித்துப்போட்டு இன்னொருத்தன் இதுல உக்காந்துட்டு வெளிய பாப்பான்னு நெனச்சா மனசு ஒப்பமாட்டேங்குது. அதைப் போயி இவன்கிட்ட எப்படிச் சொல்றது? கோடு போட்டுக் காட்டுவான்.

எனக்கு எதுத்த சீட்டு காலி. எப்பவும் காலி. தரணி ஏறுனதும் அதுல பையைப் போடப் பாத்தான், “அக்கட்டால வையிடா”ன்னேன், கொஞ்சம் சத்தமாவே சொல்லிப்போட்டேன், அவன் எடுத்துக் கீழ வெச்சுக்கிட்டான். அது என்ற ஊட்டுக்காரி சுலோச்சனா சீட்டு. அவ அதுல உக்காந்ததே இல்ல, அது வேற விசயம். பிளேனு வந்த அன்னிக்குப் பூசை. ஐயரு, தேங்கா, கற்பூரத்துக்கு மட்டும் ஏர்போர்ட்டுக்காரங்க ஒத்துக்கல. அவ முந்தானையில எலுமிச்சம்பழம் கொண்டாந்திருந்தா. லாரி வாங்குனப்ப வெச்சோம், கார் வாங்குனப்ப வெச்சோம், இதுக்கு வெக்காம இருப்பாளா? மூணு சக்கரத்துக்கும் ஒவ்வொண்ணா வெச்சுட்டா. எஞ்சினியர் பையன் தலையில கையை வெச்சுக்கிட்டு ஓடி வர்றான். “அம்மா, அம்மா, தோல் பறந்து எஞ்சினுக்குள்ள போயிருச்சுன்னா அவ்வளவுதான்ம்மா!” அவ நிமுந்து பாத்தா. “ஏனுங் தம்பி, ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் பயப்படற எஞ்சினுங்களா இது? இதை நம்பியா எங்க வீட்டுக்காரரை ஆகாசத்துல ஏத்தப் போறீங்க?” கேப்டன் ஜெரால்டு, தூத்துக்குடிக்காரரு, திரும்பி நின்னு சிரிக்கறாரு. கடைசியில டிராக்டரை வெச்சு இழுத்து, பழம் நசுங்கி, ரெண்டு ஆளு வெளக்கமாறு கொண்டாந்து கூட்டி, தரையைக் கழுவிவிட்டு, அப்பறந்தான் எஞ்சினே போட்டாங்க. உள்ள வந்து குங்குமம் வெச்சுட்டுப் போன்னு அவளைக் கூப்பிட்டேன். ஏறுனா. இந்த சீட்டுத் தலையில குங்குமம் வெச்சா. தோளைச் சுருக்கிக்கிட்டு, “என்னுங்க இது, இப்படிக் குளிருது, ஊட்டியாட்ட”ன்னா. உக்காரு, ஒரு சுத்துச் சுத்திட்டு வரலாம்னேன். “இன்னிக்கு வேண்டாங்க. ஒரு நாளைக்கு வாரனுங்க.” எறங்கிப்போட்டா. அந்த ஒரு நாளைக்குத்தான் இந்தச் சீட்டு காத்துக்கிட்டுக் கெடக்குது. குங்குமக் கறை இன்னும் லேசாத் தெரியுது, தொடைக்க வேண்டாம்னு சொல்லியிருக்கறேன்.

இதை வாங்கறப்ப என்ன சொல்லி வாங்குனேன்? அவகிட்டச் சொன்னது எனக்கு நல்லாக் காதுல கேக்குது. “இனி எந்த ஊருக்குப் போனாலும் ராத்திரிச் சோத்துக்கு ஊட்டுக்கு வந்துடுவேன் அம்முணி.” பொய் சொல்லல. அப்படித்தான் நெனச்சேன். காலையில போயி அகமதாபாத்துல பஞ்சைப் பாத்துட்டு சாயங்காலம் திரும்பறது. மொத மாசம் அப்படித்தான் நடந்துது. அப்பறம் பாத்தா, மத்தியானமே வேலை முடிஞ்சிருது, பிளேனு நிக்குது, பைலட்டு நிக்கறாரு, அப்ப ஒரு எட்டு சூரத்தையும் பாத்துட்டுப் போலாமே. சூரத்து போனா, டெல்லி பக்கந்தானே. மிச்சமான நேரத்தையெல்லாம் எங்கடா போட்டேன்னா, இன்னொரு ஊருல போட்டேன். ரயில்ல போயிட்டிருந்த காலத்துல மாசத்துல பாதி நாளு ஊட்டுல இருந்திருப்பேன். பிளேனு வந்த பொறவு காலண்டரைத்தான் ஊட்டுல பாத்திருப்பா அவ. தரணி கோடு போட்டுக் காட்டறானே, வருசத்துக்கு இவ்வளவு மணி பறந்திருக்கறோம், இவ்வளவு நேரம் மிச்சம்னு. அந்த மிச்சம் எங்கடா கண்ணு இருக்குது, எடுத்துக் காட்டு, நான் ஒருத்தருக்குக் குடுக்கோணும்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கெளம்பறவங்களை எங்கேன்னு கேக்கக்கூடாது. ஊரு ஒலகத்துல எல்லாரும் சொல்றதுதான், ஆனா அவளாட்டக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டவங்களை நான் பாத்ததில்ல. செருப்பு மாட்டறப்ப எவனாச்சும் “எங்கீங்க?”ன்னுட்டா போச்சு. “உள்ள வந்து உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க”ம்பா. அந்தத் தண்ணியைக் குடிக்காம வாசல் தாண்ட உடமாட்டா. அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். “தூரமுங்களா?” நான் “பக்கந்தான்”ம்பேன். ஸ்கூட்டர்ல அவினாசிக்குப் போறப்பவும் பக்கந்தான். ஜெர்மனிக்குப் போறப்பவும் பக்கந்தான். கல்யாணமான மொத வாரத்துலருந்து இதே கேள்வி, இதே பதிலு. அவ சிரிச்சுக்கிட்டே கேப்பா, நானும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவேன். அப்பறம் சிரிப்பு எப்பப் போச்சுன்னு தெரியல, கேள்வியும் பதிலும் மட்டும் நின்னுது. இந்தச் சட்டத்துல பாவம் மாட்டிக்கிட்டது ஜெரால்டுதான். எங்க போறம்னு தெரியாம பிளேனை எப்படி ஓட்டறது? அதுக்கு ஒரு வழி பண்ணியிருந்தோம், முந்தின நாளே போன்ல கேட்டு எழுதிக்கிடுவாரு. அன்னிக்குக் காலையில என்னையப் பாத்தா, ஏணிகிட்ட நின்னுக்கிட்டு, “தூரமா சார்?”ம்பாரு. பக்கந்தான் ஜெரால்டும்பேன். அவங்க ஊருலயும் இப்படித்தானாம். இன்னிக்கு அகமதாபாத்துலயும் கேட்டாரு.

அப்படிப்பட்டவ, சட்டம் போட்டவளே, அன்னிக்குக் கேட்டா. அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. நாலு வருசமா அதையே போட்டு உருட்டிக்கிட்டிருக்கறேன், எந்தப் பக்கம் உருட்டுனாலும் அங்கியே வந்து நிக்குது. வெடியால நேரம். சென்னியப்பன் காரை வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டான். நான் செருப்பு மாட்டறேன். அவ கதவோரமா நிக்கறா, தலைக்குத் தண்ணி வாத்து, நல்ல சேலை கட்டி, கையில மரூன் கலர்ல என்னமோ மடிச்ச துணி. தூரமுங்களான்னு கேப்பாள்னு வாயில பதிலை வெச்சுக்கிட்டு நிக்கறேன். “எங்கீங்க போறீங்க?” அப்படீங்கறா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஆகாசத்துல போற மனுசன்! “ஏனம்முணி, நீயே கேக்கறியா? கெளம்பற நேரத்துல, நீயே?” கத்திப்போட்டேன்னு சொல்ல மாட்டேன், ஆனா மெதுவாவும் சொல்லல. அவ மொகம் ஒரு மாதிரி ஆச்சு. உள்ள போயி சொம்புல தண்ணி கொண்டாந்தா. அவ சொல்லிக்குடுத்ததுதான், உக்காந்தேன், குடிச்சேன், எந்திரிச்சேன். போயிட்டு வரேன்னேன். “ம்”முன்னா. அவ்வளவுதான் நடந்துது. நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? சட்டம் அவளுது, தண்ணியும் அவ குடுத்தது. யாராச்சும் கேட்டா இப்படித்தான் சொல்லுவேன். யாரும் கேக்கறதில்ல.

போன ஊரு டாக்கா. அங்க நம்ம தையல் யூனிட்டு. ராத்திரி ஓட்டல் ரூம்ல மாத்திரை எடுக்கறதுக்கு ஒரு நீலப் பையைத் தொறந்தேன், என்ற பைகளோட வந்திருந்துது, சென்னியப்பன் புதுசா எதையோ வெச்சு அனுப்பியிருக்கறான்னு நெனச்சேன். தொறந்தா மேலால பாஸ்போர்ட்டு. சுலோச்சனா திருமூர்த்தி. அவ போட்டோ, மொறைச்சுக்கிட்டு. கீழ மூணு காட்டன் சேலை, ஒரு ஈரிழைத் துண்டு, அவ பிரஷர் மாத்திரை, வாழையெலையில சுத்துன தேங்காப் பர்பி, எனக்குன்னு சக்கரை கம்மியாப் போட்டது. கட்டில் மேல எல்லாத்தையும் எடுத்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன். வர்றதுக்கு எல்லாம் பண்ணியிருக்கறா. விசா கிசா ஒண்ணும் தெரியாது அவளுக்கு, டவுன் பஸ்ஸாட்ட ஏறி உக்காந்தாப் போதும்னு நெனச்சிருக்கறா. பாஸ்போர்ட்டை வெச்சதே பெரிசு. சரி, வர்றதுன்னா நானும் வாரனுங்கன்னு சொல்றதுதானே? எதுக்கு எங்கேன்னு கேட்டா? அதுவும் அந்த வாயால? போன் பண்ணலாம்னு எடுத்தேன். எடுத்து என்னன்னு கேக்கறது, பர்பி நல்லா இருக்குதுன்னா? வெச்சுட்டேன். வேலை இழுத்துக்கிட்டுப் போயி, ஒரு வாரத்துக்கு மேல கழிச்சு வந்து எறங்குனா, ஊடு பூட்டிக் கெடக்குது. சிங்காநல்லூர்ல அவ பேர்ல ஒரு பிளாட்டு இருந்துது, அங்க போயிட்டா. சண்டையில்ல, சச்சரவில்ல. தரணிகிட்ட ஒரே வார்த்தை சொன்னாளாம். “பெரிய ஊட்டுல தனியா இருக்கறதுக்கு, சின்ன ஊட்டுல தனியா இருந்துக்கறேன் சாமி.” நான் கூப்பிடல, அவளும் கூப்பிடல. கூப்பிட்டா ஓடியிருப்பேன். பேத்திக்குக் காது குத்துனப்பக் கூடப் பக்கத்துப் பக்கத்துலதான் உக்காந்தோம். “சாப்பிட்டீங்களா?”ன்னா. ஆச்சுன்னேன். பொய்யி.

அந்த நீலப் பை இதே பிளேன்லதான் இருக்குது. பின்னால சாமான் வெக்கற எடத்துல. எறக்க வேண்டாம்னு ஜெரால்டுகிட்டச் சொன்னேன், ஏன்னு அவரு கேக்கல. அது டெல்லி போயிருக்குது, சிங்கப்பூர் போயிருக்குது, துபாய் போயிருக்குது. அவ போகல, அவ சேலை போயிருக்குது. மாத்திரையோட தேதியெல்லாம் முடிஞ்சு போயிருக்கும். சில நாளு ஆளில்லாம நான் மட்டும் திரும்பறப்ப, எந்திரிச்சுப் போயி அந்தக் கதவைத் தொறந்து பாத்துட்டு வருவேன், இருக்குதான்னு. இருக்கும். எங்க போகும்? பிளேனை வித்தா அதை எறக்கோணும். எறக்கி எங்க கொண்டு போறது? அவ இல்லாத அந்தப் பெரிய ஊட்டுக்கா? தரணி கோட்டுல இதுக்கு ஒரு கலரு இருக்குதா?

“அப்பா, தூங்கறீங்களா?” இல்லடா, சொல்லு. “வாடகைக்கு எடுத்துக்கலாம்னு வையுங்க, வேணும்கறப்ப வரும், மத்த நேரத்துல நமக்கு ஒரு தொல்லையுமில்ல. அப்படி ஒண்ணு. இல்ல, மாத்தலாம்னா, டெல்லித் தரகர் சொன்னாரே, அந்தப் பெருசு. எங்கயும் நிக்காம நேரா ஐரோப்பா போயிரும்.” நிக்காமப் போயி என்ன பண்ண? “உங்களுக்குப் பழசு மேல என்ன இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியலப்பா.” தெரியாது உனக்கு. உனக்குச் சொன்னா சிரிப்பே. மார்கழி, தை மாசத்துல காத்து வாட்டமா அடிச்சா, ஜெரால்டு சிங்காநல்லூர் குளத்துப் பக்கமா எறக்குவாரு. குளத்தைத் தாண்டுன ஒடனே எடது கைப்பக்கம் ஒரு மொட்டை மாடி, மஞ்சக் கலர்ல தண்ணித் தொட்டி. அதுதான் அவ இருக்கற கட்டடம். எண்ணி நாலு மூச்சு விடறதுக்குள்ள போயிரும். அந்த நாலு மூச்சுக்குத்தான் நான் எடது பக்கம் உக்காந்திருக்கறது. கொடியில சேலை காயறதைப் பாத்திருக்கறேன். ஒருவாட்டி அவளே நின்னாப்பல இருந்துது, அவளான்னு தெரியல. காத்து மாறி அந்தப் பக்கமாச் சுத்தி எறக்குனா, அன்னிக்கு ஊட்டுல சோறு எறங்காது. மத்த பிளேன்ல வந்தாலும் அதே வழிதானே, ஒரு ஜன்னல் சீட்டு டிக்கெட் எடுத்தாப் போச்சேன்னு எனக்கே தோணியிருக்குது. ஆனா ஊரு சனம் ஏறுற பிளேனுல, பக்கத்து சீட்டுக்காரன் பாக்கறப்ப, அறுவது தாண்டுன மனுசன் பொண்டாட்டி துணி காயறதை எட்டிப் பாத்தா நல்லாவா இருக்கும்? இதுல யாரும் கேக்கறதில்ல. அதுக்குத்தாண்டா வெச்சிருக்கறேன். எஞ்சினைப் பிரிச்சுக் கோத்து, எவ்வளவு ஆனாலும் ஆகட்டும், வெச்சுக்கறேன்னு சொல்லிப்போடலாம். சொல்லிப்போடறேன்.

வாயைத் தொறந்தேன். அவன் முந்திக்கிட்டான். “புதுசுல இன்னொண்ணுப்பா, சத்தமே இருக்காது. மேல போறது கீழ இருக்கறவனுக்குத் தெரியாது. பாவம், அம்மாதான் ஏமாந்துருவாங்க.” சிரிக்கறான். என்னடா சொன்னே? “இல்லப்பா, நம்ம பிளேன் சத்தம் அம்மாவுக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம நான் அங்க போயிருந்தப்ப ரெண்டு மூணு வாட்டி பாத்திருக்கறேன். பெரிய பிளேன் எவ்வளவு போனாலும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இது வந்தா மட்டும் அடுப்பைச் சின்னது பண்ணிட்டு மாடிக்கு ஓடுவாங்க. சத்தம் நின்னதும் எறங்கி வந்து ‘வந்தாச்சு’ம்பாங்க. யாருக்குன்னு இல்ல, சும்மா சொல்லிக்குவாங்க. அப்பறம் ஒரு டம்ளர் அரிசி எச்சாப் போடுவாங்க. ஏம்மான்னா, ‘கை தவறிப் போச்சு’ம்பாங்க.” அவன் அதைச் சொல்லிப்போட்டுத் திரும்பியும் கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டான். நான் எதுத்த சீட்டைப் பாத்தேன். குங்குமக் கறை. ஒரு டம்ளர் அரிசி. முருகா. அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. நான் மேல ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டுப் போறது தெரியாது, ஆனா நான் வர்றது தெரிஞ்சிருக்குது. மொதல்ல சந்தோசம் வந்துது பாருங்க, கல்யாணமான புதுசுல அவ ஜன்னலுக்குப் பின்னால நின்னு என்ற ஸ்கூட்டர் சத்தத்தைக் கேக்கறது தெரிஞ்சப்ப வந்த சந்தோசம். விக்கவே கூடாது. மாத்தவும் கூடாது. இந்தச் சத்தம் இருக்கோணும், இதே எஞ்சின், இதே சத்தம். அப்படி நெனச்சுக்கிட்டே வந்தவனுக்கு எங்கயோ தட்டுச்சு. வந்தாச்சும்பா, சரி. அரிசி போடுவா, சரி. அப்பறம்? அந்தச் சோத்தை யாரு தின்னா? நான் எறங்கி, காருல ஏறி, அந்தப் பக்கமாத் திரும்பி, அவ இல்லாத ஊட்டுக்குப் போயி, சமையக்காரன் வெச்சதைத் தின்னுட்டுப் படுத்திருக்கறேன். வந்தாச்சு வந்தாச்சுன்னு சொல்லிச் சொல்லி வராத ஆளு. ராத்திரிச் சோத்துக்கு வந்துடறேன்னு சொன்னதை நான் மறந்துட்டேன், அவ மறக்கல. நாலு வருசமா அடுத்த நாள் காலையில அந்தச் சோத்துல தண்ணி ஊத்தி அவளே தின்னிருக்கறா. வெச்சுக்கிட்டா இன்னமும் தின்னுவா. மாத்துனா, சத்தமே கேக்காது, அவளுக்கு நான் வர்றதே நின்னு போயிரும். வித்தா? வித்துப்போட்டா, நான் வந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? நானே போயி பெல்லை அடிச்சாத்தான் உண்டு.

“சார், எறங்கப் போறோம். இன்னிக்குக் குளத்துப் பக்கமாத்தான்.” ஜெரால்டு கொரலு. எப்படித்தான் தெரியுமோ அவருக்கு, எப்பவும் எந்தப் பக்கமா எறங்கறம்னு என்கிட்ட மட்டும் சொல்லுவாரு. பெல்ட்டை இறுக்குனேன். கீழ வெயிலு மஞ்சளா எறங்கியிருக்குது, ரோட்டுல பஸ்ஸு, குளத்துல தண்ணி பளபளங்குது, நாரை கூட்டமா நிக்குது. குளம் போச்சு. மஞ்சத் தொட்டி. நின்னுக்கிட்டிருந்தா. இந்தவாட்டி சந்தேகமே இல்ல. கொடிக்குப் பக்கத்துல, நெத்தி மேல கையை வெச்சு, அண்ணாந்து, நேரா என்னையப் பாத்து. அவளுக்கு நான் தெரிஞ்சிருக்க மாட்டேன், ஜன்னலு பொட்டாட்டத்தான் தெரியும். நான் கையைத் தூக்கிட்டேன். தரணி பாத்துட்டான். “யாருக்குப்பா கை காட்டறீங்க?” சக்கரம் தரையைத் தொட்டுது. “வித்துடு சாமி”ன்னேன். “மாத்தலாம்ங்கறீங்களா?” மாத்தவும் வேண்டாம், புதுசும் வேண்டாம். உனக்குத் தேவைன்னா வாடகைக்கு எடுத்துக்க. எனக்கு வேண்டாம். அவன் மடியிலருந்த கம்ப்யூட்டரை மூடறான். மூணு மாசமாக் கோடு போட்டு வாங்க முடியாத பதில் இப்படி வந்துருச்சேன்னு இருக்கும்.

எஞ்சின் நின்னுது. இப்பத்தான் அவ மாடியிலருந்து எறங்குவா. படிக்கட்டுல கைப்புடியைப் புடிச்சுப் புடிச்சு. நானே பின்னால போயி நீலப் பையை எடுத்தேன். ஜெரால்டு கை நீட்டுனாரு, வேண்டாம்னேன். ஏணியில நிதானமா எறங்குனேன், ராய்ப்பூர்க்கார ஆளு கும்புட்டுக்கிட்டு வந்தாரு, “பையன்கிட்டப் பேசிக்கங்க”ன்னுட்டு நேரா வண்டிக்குப் போயிட்டேன். சென்னியப்பன் கதவைத் தொறந்தான். பையைப் பாத்தான். அவன்தானே அன்னிக்கு டிக்கியில வெச்சவன். மொகத்துல ஒரு சிரிப்பு வரப் பாத்து, அடக்கிக்கிட்டான். “தூரமுங்களா மொதலாளி?” பக்கந்தாண்டா. சிங்காநல்லூரு. இத்தனை வருசத்துல மொதத் தடவையா நெசமாவே பக்கந்தான், ஆனா ஹோப் காலேஜ் சிக்னல்ல நின்னு, பாலத்துக்கடியில நின்னு, எங்கயும் நகர மாட்டேங்குது. குக்கர் வெச்சிருப்பாளா இந்நேரம்? போயி நின்னா என்ன சொல்றது? பையைக் குடுக்க வந்தேங்கறதா? நாலு வருசம் கழிச்சா? கதவைத் தொறக்கலைன்னா? தொறந்து, “வாங்க, உக்காருங்க”ன்னு ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குச் சொல்றாப்பல சொல்லிப்போட்டா? அதுதான் பயமா இருக்குது. திட்டுனாக்கூடப் பரவால்ல. வண்டியைத் திருப்புடான்னு ரெண்டு தடவை வாய் வரைக்கும் வந்துது. மடியில பை கெடக்குது, ஜிப்பைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

மூணாவது மாடி. லிப்ட்டு இருந்துது, படியிலயே ஏறிட்டேன். பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே உள்ள குக்கர் விசில் சத்தம். அடிச்சேன். “வாரனுங்க”ன்னு கொரலு, யாருக்கோ சொல்றாப்பல. தொறந்தா. எளைச்சிருக்கறா. நரைச்சிருக்கறா. சேலைக்கு மேல மரூன் கலர் ஸ்வெட்டர் போட்டிருக்கறா, மார்கழிக் குளிருக்கு. என்னையப் பாத்தா, அப்பறம் பையைப் பாத்தா, அதையேதான் பாத்துக்கிட்டிருந்தா. “இது எங்கீங்க கெடந்துது?” பிளேன்லயேதான் அம்முணி. உனக்குப் பதிலா அதுதான் ஊரெல்லாம் சுத்துச்சு. அவ வாசல்ல நின்னு வழிய மறைச்சுக்கிட்டிருக்கறா, உள்ள வாங்கன்னும் சொல்லல, போங்கன்னும் சொல்லல. வழியெல்லாம் என்னென்னமோ யோசிச்சு வெச்சிருந்தேன், ஒண்ணையும் காணோம். “அன்னிக்கு எங்கேன்னு கேட்டியே”ன்னேன். “டாக்காவுக்குப் போனேன் அம்முணி.” அவ கை தானா ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கிட்டிருந்துது. “அந்த ஊருல குளிருமுங்களா?” இல்லியே. நம்மூராட்டத்தான். எச்சாவே வேர்க்கும். அவ என் கையிலருந்து பையை வாங்கிக்கிட்டா.

“அதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, இந்த ஸ்வெட்டரை ஊட்டுல போட்டுட்டு வண்டியேறியிருப்பனுங்களே.”